எங்கள் தெருவையும் சேர்த்து வரையுங்கள்: காசிமேடு முதல் எண்ணூர் வரை ஒரு கோரிக்கைச் சாசனம்

காசிமேட்டில் இருந்து ராத்திரி கிளம்பும் விசைப்படகில் ஜிபிஎஸ் கருவி இருக்கும். கரை கண்ணுக்கு மறைந்தபின் நாலு பக்கமும் தண்ணீர்தான். கல் கிடையாது, கம்பம் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஆனாலும் போன மாதம் வலையைக் கிழித்த பாறை எங்கே, வவ்வால் மீன் நன்றாக விழுந்த இடம் எங்கே என்று படகு டிரைவர் புள்ளி போட்டு வைத்திருப்பார். பத்து நாள் கடலில் தங்கிப் பிடித்துவிட்டு அந்தப் புள்ளிகளைப் பிடித்தே துறைமுக வாய்க்குத் திரும்பிவிடுவார். அதே மனிதர் வீடு வந்து சேர்ந்த இரவில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால், ஆம்புலன்சுக்கு வழி காட்ட அவரே எஸ்.என். செட்டி தெருவுக்கு ஓடிவந்து நின்று, கைப்பேசி டார்ச்சைத் தலைக்கு மேல் ஆட்ட வேண்டியிருக்கிறது. கடலில் தெரிகிற வழி தெருவில் தெரியவில்லை. இந்தச் சாசனம் அதைப் பற்றியது.

கேட்பவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறோம். காசிமேடு, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் நாங்கள். கடலுக்குப் போகிறவர்கள், மீன் விற்கும் பெண்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர்கள், கன்டெய்னர் லாரி டிரைவர்கள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள். மாநகராட்சிக்கு வரி கட்டுகிறோம். வரைபட நிறுவனங்களுக்கோ எங்கள் கைப்பேசிகளே தினமும் தகவல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. சாலையில் நெரிசல் சிவப்புக் கோடாகத் தெரிவது அப்படித்தான். எங்கள் பங்கைக் கொடுத்துவிட்டோம். வர வேண்டியதைக் கேட்கிறோம்.

தெருவில் நின்று பார்ப்பதுபோலக் காட்டும் கூகுளின் தெருப்படம் 2007-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 2011-இல் பெங்களூருவில் கூகுள் படம் எடுக்க ஆரம்பித்தபோது காவல்துறை நிறுத்தியது. 2016-இல் மத்திய அரசும் மறுத்தது. அந்தக் காலத்தில் காத்திருந்ததில் எங்களுக்கு வருத்தமில்லை, நாடே காத்திருந்தது. 2021 பிப்ரவரியில் விதிகள் தளர்ந்தன. தெருப்படம் எடுக்கும் வேலையை இந்திய நிறுவனங்கள் செய்யலாம் என்றானது. 2022 ஜூலையில் ஜெனிசிஸ், டெக் மகிந்திரா நிறுவனங்கள் எடுத்த படங்களோடு பத்து நகரங்களில் கூகுளின் தெருப்படம் வந்தது. மேப்மைஇந்தியாவும் தன் பங்குக்கு வெளியிட்டது. அந்தப் பத்தில் சென்னையும் ஒன்று. காசிமேடு சென்னையில்தான் இருக்கிறது. தடையும் இல்லை, தொழில்நுட்பக் குறையும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது தாமதம் மட்டுமே.

முதல் கோரிக்கை, கார் நுழையாத தெருவுக்குள்ளும் வாருங்கள். கூரையில் கேமரா கட்டிய கார் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரத்தோடு ஊர் முடிந்துவிடுவதாக உங்கள் படம் சொல்கிறது. பல்லவன் நகர், சிங்காரவேலர் நகர், ஜீவரத்தினம் நகர், நாகூரான் தோட்டம் பக்கத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசல்படி ஏறி வழிவிட வேண்டிய சந்துகள் உண்டு. ஊரின் பாதி அங்கேதான் வசிக்கிறது. கார் போகாத இடங்களுக்கென்றே கூகுள் 2009-இல் மூன்று சக்கர சைக்கிளில் கேமராவைக் கட்டி ஓட்டியது. பிறகு முதுகில் சுமக்கும் கேமராவும் வந்தது. மூன்று சக்கரத்துக்கு வடசென்னையில் பஞ்சமா? துறைமுகத்தில் இருந்து ஐஸ் பெட்டியும் மீன் கூடையும் ஏற்றிக்கொண்டு மீன்பாடி வண்டி புகாத சந்து கிடையாது. அதன் முன்தட்டில் கேமராவைக் கட்டுங்கள். ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும், அவருக்கு நாள் கூலி கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் இந்த வேலை முடிய வேண்டும், ஏனென்றால் வண்டி வர முடியாத நேரத்தில்தான் எங்களுக்கு வண்டி அதிகம் தேவைப்படுகிறது.

பெயர்களை எங்களிடம் கேட்டு எழுதுங்கள். அதற்கு வருடத்தில் தோதான காலம் ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் இருக்கும், ஆண்கள் வலை பின்னிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். எந்தச் சந்துக்கு என்ன பெயர், எந்த அம்மன் கோயிலை யார் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டால் ஒரு மத்தியானத்தில் ஒரு பேட்டையே முடிந்துவிடும். (துறைமுகத்தை மட்டும் அந்த நாட்களில் படம் எடுத்துவிடாதீர்கள். மீன் ஏலம் இல்லாத காசிமேட்டைப் பார்க்கிறவர்கள் நாங்கள் தொழிலை விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் வாருங்கள்.) தமிழில் கேட்ட பெயரை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மறுபடி தமிழுக்கு இழுத்துவந்தால் என்ன ஆகும் என்பது, வழிகாட்டும் குரல் திருவொற்றியூரைச் சொல்லும் அழகைக் கேட்டுச் சிரிக்கும் ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிக்கு ஏற்றபடி மாற்றி ஆணை வெளியிட்டது. தண்டையார்பேட்டையும் அதில் இருந்தது. சில நாட்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆங்கில எழுத்து எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும். தமிழ்ப் பெயரைத் தமிழில் பிழையில்லாமல் போடுவதற்கு எந்த ஆணையும் வர வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்த இன்னொன்று. தெருப் பெயர்களில் உள்ள சாதிப் பெயர்களை நீக்க 2025 அக்டோபரில் அரசு ஆணையிட்டது. எஸ்.என். செட்டி தெருவுக்கு நாளை வேறு பெயர் வந்தாலும் வரலாம். பலகை ஒரே நாளில் மாறிவிடும், பாட்டியின் வாய் மாறாது. பழைய பெயரைத் தட்டினாலும் புதிய பெயரைத் தட்டினாலும் அதே தெரு வர வேண்டும். பெயர் மாற்றும் தீர்மானம் நிறைவேறும் நாளிலேயே மாநகராட்சி அதை வரைபட நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும்.

கதவு எண்ணைச் சரிசெய்யுங்கள். சென்னையில் ஒரு வீட்டுக்கு இரண்டு எண், பழையது ஒன்று, புதியது ஒன்று. 14/31 என்று ஒருவர் எழுதுவார், 31/14 என்று இன்னொருவர் எழுதுவார். எது பழையது என்று தபால்காரர் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அடுக்குமாடிக் குடியிருப்பில் நிலைமை இதைவிட மோசம். 2004 சுனாமியில் கரையோர வீட்டை இழந்தவர்களில் பலர் எர்ணாவூர் சுனாமிக் குடியிருப்புக்குப் போனார்கள். வரிசை வரிசையாக ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில், ஒரே மாதிரிப் படிக்கட்டோடு நிற்கும் பிளாக்குகளில் உறவுக்காரர்களே தடுமாறுவார்கள். 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற பத்து எழுத்துக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் சதுரம் ஒன்றைத் துல்லியமாகக் காட்டும். நல்ல வேலை, வரவேற்கிறோம். ஆனால் எங்கள் பிளாக்குகளில் ஒரே சதுரத்தின் மேல் பல குடும்பங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மாடி எது என்பதைச் சதுரம் சொல்லாது. ஒவ்வொரு பிளாக்கின் எண், நுழைவாயில், படிக்கட்டு, மாடி ஆகிய நான்கும் வரைபடத்தில் ஏற வேண்டும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியலை மாநகராட்சி யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும். வரி ரசீது அடிக்கும் அலுவலகத்தில் அந்த விவரம் இல்லாமலா இருக்கும்? மூன்று மாதம் போதும்.

லாரிக்கும் நடக்கிறவருக்கும் தனித்தனியே வழி சொல்லுங்கள். இன்றைய வழிகாட்டிகள் சாலையைக் காரோட்டியின் கண்ணால் பார்க்கின்றன. எங்கள் சாலையில் ராஜ்ஜியம் கன்டெய்னர் லாரிக்கு. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை நிற்கும்போது, வெளியூரில் இருந்து புதிதாக வந்த டிரைவருக்குக் கைப்பேசி குறுக்குவழி காட்டுகிறது. நாற்பதடி டிரெய்லர் குடியிருப்புத் தெருவுக்குள் திரும்பி, முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல், ஈபி பெட்டிக்கும் டீக்கடைத் தகரத்துக்கும் நடுவில் நிற்கும். டிரைவரைத் திட்டிப் பயனில்லை, அவர் திரையை நம்பி வந்தவர். கனரக வாகனம் எந்தத் தெருவில் எந்த நேரம் போகலாம் என்பது போக்குவரத்துக் காவல்துறைக்குத் தெரியும். கேட்டில் வரிசை எவ்வளவு நீளம் என்பது துறைமுக நிர்வாகத்துக்குத் தெரியும். கொருக்குப்பேட்டை போன்ற இடங்களில் ரயில்வே கேட் எப்போது மூடும் என்பது ரயில்வேக்குத் தெரியும். மூன்று அலுவலகங்களும் தெரிந்ததைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல் வரைபடத்துக்குக் கொடுக்க வேண்டும். நடந்து போகிறவருக்கு நடைபாதை எங்கே இருக்கிறது, எங்கே அறுந்துபோகிறது, சாலையைக் கடக்கும் இடம் எது என்பதும் தெரிய வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக அந்த லாரிகளுக்கு நடுவில்தான் சாலையைத் தாண்டுகிறார்கள். அடுத்த கல்வியாண்டு திறக்கும்போது இது தயாராக இருக்க வேண்டும்.

தண்ணீர் நிற்கும் இடத்தை அது நிற்கும்போதே காட்டுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதைச் செய்து காட்டியவர்கள் தன்னார்வலர்கள். யாரும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை வைத்து, எந்தத் தெருவில் வெள்ளம் என்று சென்னை மக்கள் ஆயிரக்கணக்கில் குறித்தார்கள். கையில் கிடைத்ததை வைத்து மக்கள் சில நாட்களில் செய்ததை, கட்டுப்பாட்டு அறையும் கேமராவும் வைத்திருக்கும் மாநகராட்சி ஒவ்வொரு மழைக்கும் செய்யலாம். கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ மாணிக்கம் நகர் சுரங்கப்பாதையிலோ தடுப்பு வைக்கும் காவலருக்கு முதலில் தெரிகிறது. அவர் தடுப்பை வைத்த பத்தாவது நிமிடம் எங்கள் திரையில் அந்த வழி மூட வேண்டும். இதுவும் செப்டம்பருக்குள்.

எண்ணூருக்குத் தப்பிக்கும் வழி வேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை நெருங்கும் நேரம், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. சுனாமி வந்த அதே தேதி, பத்தொன்பது வருடம் கழித்து. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல யாரும் இல்லை. கையில் கைப்பேசி இருந்தது. அதில் அருகில் உள்ள உணவகம் தெரியும், அருகில் உள்ள பாதுகாப்பான இடம் தெரியாது. ஆபத்தான பொருளைப் பெரிய அளவில் கையாளும் ஆலைகளுக்கு, ஆலைக்கு வெளியே உள்ள இடங்களுக்கான அவசரத் திட்டத்தை மாவட்ட நிர்வாகம் தயாரித்து வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்கனவே உள்ள விதி. அந்தத் திட்டத்தில் இருக்கும் ஒன்றுகூடும் இடங்கள், மாற்று வழிகள், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனைகள் ஆகியவற்றை மாவட்ட நிர்வாகம் தமிழில் வரைபடத்தில் ஏற்ற வேண்டும். புதிதாக எதையும் தயாரிக்கச் சொல்லவில்லை, கோப்பில் இருப்பதைத் திறக்கச் சொல்கிறோம். இந்த ஒரு கோரிக்கைக்கு நாங்கள் கொடுக்கும் கெடு முப்பது நாள்.

கழிமுகத்தைக் கழிமுகமாகவே காட்டுங்கள். இங்கே வரைபடம் என்ற சொல்லைக் கேட்டாலே எண்ணூர் மீனவர்களுக்கு ஒரு பழைய கசப்பு உண்டு. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகமும் அதைச் சேர்ந்த சதுப்பும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தன. பின்னால் வந்த வரைபடத்தில் கழிமுகத்தையே காணோம் என்று 2017-இல் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் ஆதாரத்தோடு கேள்வி எழுப்பினார்கள். கொசஸ்தலை ஆறு அங்கேயேதான் ஓடிக்கொண்டிருந்தது, இறாலும் நண்டும் அங்கேயேதான் இருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு சரியாக அந்தக் கழிமுகத்தைத் தேடித்தான் வந்து சேர்ந்தது. காகிதத்தில் இல்லாத கழிமுகம் எண்ணெய்க்குத் தெரிந்திருந்தது. அதனால் கேட்கிறோம்: நீர்ப்பரப்பு, அலையாத்தி, உப்பளம், சாம்பல் மேடு, பக்கிங்காம் கால்வாய் எல்லாம் இன்று எப்படி இருக்கின்றனவோ அப்படியே கரையில் இருந்து படமாகவும் எடுக்கப்பட வேண்டும், தேதியோடு. படகில் கேமரா வைக்க நாங்கள் படகு தருகிறோம்.

படத்தின் தேதி பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் அரித்த கரை இது. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. மெட்ரோ 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தபின் சாலையின் முகமே மாறிவிட்டது. இப்படி மாறும் ஊரில் பழைய படம் தப்பான வழியைத் தன்னம்பிக்கையோடு காட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படம் புதுப்பிக்கப்பட வேண்டும். புயலோ தீவிபத்தோ வந்தால் அந்தப் பகுதி மூன்று மாதத்துக்குள்.

இனி நாங்கள் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று. வாருங்கள் என்று கூப்பிடுகிறோமே தவிர, எப்படி வேண்டுமானாலும் வாருங்கள் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு படிதான். அடிபம்புப் பக்கம் பெண்கள் துணி துவைப்பார்கள், தட்டி மறைவில் குளிப்பார்கள். வெயில் காலத்தில் பாயை வெளியே போட்டுத் தூங்குகிறோம். காம்பவுண்டுச் சுவர் உள்ளவர்களுக்கு இந்தக் கேமரா தெருவில் போகிறது, எங்களுக்கு அது அடுப்பங்கரைக்குள் போகிறது. ஜப்பானில் கேமரா சுவருக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப்பார்க்கிறது என்று மக்கள் எதிர்த்ததும், 2009-இல் கூகுள் கேமராவை 40 சென்டிமீட்டர் இறக்கி வைத்து மறுபடி படம் எடுக்க ஒப்புக்கொண்டது. ஜெர்மனியில் 2010-இல் படம் வெளிவரும் முன்பே ஏறத்தாழ 2,44,000 குடும்பங்கள் தங்கள் வீட்டை மங்கலாக்கச் சொல்ல, அப்படியே செய்யப்பட்டது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். ஒரு வாரம் முன்னதாகத் தெருவில் தமிழ் நோட்டீஸ் ஒட்டுங்கள். தண்ணீர் பிடிக்கும் காலை நேரத்தில் கேமரா சந்துக்குள் வரக் கூடாது. கண் மட்டத்துக்கு மேலே கேமரா ஏறக் கூடாது. முகமும் வண்டி எண்ணும் மறைக்கப்படுவது எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம். எங்களுக்கு அதோடு திறந்த கதவுக்கு உள்ளே தெரிவதும் மறைக்கப்பட வேண்டும். நீக்கச் சொல்லி ஒரு பெண் தமிழில் கேட்டால் 48 மணி நேரத்தில் நீக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. எடுத்த படங்களை வைத்து ஆக்கிரமிப்பு என்று பட்டியல் போடும் வேலைக்கு எந்த அலுவலகமும் அவற்றைப் பயன்படுத்தாது என்ற எழுத்து உறுதியும் வேண்டும். இந்த உறுதி கையில் வந்த பிறகே முதல் மீன்பாடி வண்டி நகரும்.

தப்பைச் சொன்னால் பதில் சொல்லுங்கள். தெரு இங்கே இல்லை, கடை மூடிப் போயிற்று, பாலம் அடைத்திருக்கிறது என்று எங்கள் பிள்ளைகள் திருத்தம் அனுப்புகிறார்கள். நன்றி, பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி வருகிறது. அதோடு சரி. பதினைந்து நாளில் ஏற்றோம் அல்லது ஏற்கவில்லை, ஏன் என்று தமிழில் பதில் வர வேண்டும். தொலைவில் உட்கார்ந்து முடிவெடுப்பவருக்கு உதவியாக, வார்டுக்கு ஐந்து பேர் வீதம் உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சரிபார்க்கும் அதிகாரம் கொடுங்கள். பாதிப் பேர் பெண்களாக இருக்கட்டும். எந்தத் தெருவில் விளக்கு எரியவில்லை என்று அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள்.

சேர்த்த தகவல் பொதுவில் இருக்க வேண்டும். கென்யாவின் நைரோபியில் கிபேரா என்றொரு பெரிய குடிசைப் பகுதி வரைபடங்களில் வெறும் வெற்றிடமாக இருந்தது. 2009-இல் அங்குள்ள இளைஞர்களே ஜிபிஎஸ் கருவியோடு சந்து சந்தாக நடந்து குடிநீர்க் குழாய், கழிப்பறை, மருத்துவமனை எல்லாவற்றையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றினார்கள். அதை யாரும் பூட்டி வைக்க முடியாது. எங்கள் தெருப் பெயர், கதவு எண், வழி ஆகியவையும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் நாளை கடையை மூடினாலும் எங்கள் முகவரி கூடவே மூடக் கூடாது.

வரைபட நிறுவனங்கள், மாநகராட்சி, மாவட்ட நிர்வாகம், காவல்துறை, துறைமுக நிர்வாகம், ரயில்வே ஆகிய ஆறு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மேலே உள்ளவற்றில் பாதி ஒரே நாளில் முடிவாகும். யார் முதலில் தொடங்குவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், மாநகராட்சி கூட்டட்டும். மண்டல அலுவலகத்திலும் வைக்கலாம், இங்கே துறைமுகத்திலும் வைக்கலாம். காசிமேட்டில் என்றால் காலை பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். அதற்கு முன் எல்லோரும் ஏலத்தில் இருப்போம். ஆட்டோவில் வருகிறவர்கள் திரையை நம்பாமல் கல்மண்டபத்தில் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள்.